அந்தோனியார் எடுத்துக் கொடுத்த கைடு

அறுபதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டரைப் பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை, என் அத்தான் பார்த்ததில்லை, எங்களுக்குக் கைடு வரவழைத்துக் கொடுத்த புத்தகக்கடைக்காரரும் பார்த்ததில்லை. அது மேசை மேல் வைக்கிற சாமானா, அறை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிற சாமானா என்பதிலேயே எங்களுக்குள் தகராறு. இந்த லட்சணத்தில் அதற்குப் புரோகிராம் எழுதும் பரீட்சைக்கு நானும் அத்தானும் கிளம்பினோம்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஊருக்கு வெளியே ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தா. பத்து வருடமாக அவர் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: தோல் ஊறப்போடுகிறவர்கள், சுரண்டுகிறவர்கள், காயப்போடுகிறவர்கள் எல்லாருக்கும் வாரக்கூலிப் பட்டியல் போடுவது. யார் எத்தனை நாள் வந்தார்கள், யார் கூடுதல் நேரம் பார்த்தார்கள், யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்று சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் முடித்துவிடுவார். வீட்டுக்கு வந்து எத்தனை முறை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த நாற்றம் முழுதாகப் போகாது. திண்டுக்கல் தண்ணீர்ப் பஞ்சத்தில் அப்படி எத்தனை முறை குளிக்க முடியும் என்பது வேறு விஷயம்.

அந்த வருடம் முதலாளி குமாஸ்தாக்களைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் ஷாப் இருக்காது, வேறு பிழைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அத்தானுக்கு இருபத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு. இரண்டு பெண் குழந்தைகள். அவர் அதிர்ந்து பேசுகிற ஆளில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது, "தொட்டுக்க வெஞ்சனம் என்ன?" என்று கேட்கிற அதே குரலில்தான் அக்காவிடம் இதைச் சொன்னார்.

நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். வத்தலக்குண்டுப் பக்கம் கத்தரிக்காய் போட்டு, மழையை நம்பிப் பிழைத்த எங்கள் அப்பா, எப்படியோ என்னை மதுரையில் பி.எஸ்சி. கணிதம் படிக்க வைத்துவிட்டார். படித்து முடித்து ஒரு வருடம் ஆகியும் வேலையில்லை. அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, அத்தானுக்கே நியூட்டனைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வயதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்தது நான்தான். சென்னையில் ஒரு நிறுவனம் கம்ப்யூட்டர் புரோகிராமர் சான்றிதழுக்குப் பரீட்சை நடத்துகிறது. வருடத்துக்கு இரண்டு முறை. மதுரையிலும் மையம் உண்டு. முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். மதுரையில் ஒரு மில்லுக்கு மெஷின் வரப்போகிறது, சான்றிதழ் உள்ளவர்களை எடுக்கப் போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு அடிபட்டது. அத்தான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அவருக்கு முப்பது ஆவதற்குள் இரண்டு பரீட்சைகள் வரும், மூன்றாவது வராது.

"எழுதிப் பாப்பமா மாப்ள?" என்றார். என்னை அவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

பரீட்சையில் இரண்டு பகுதி. முதல் பகுதி எல்லாருக்கும் பொது. இரண்டாம் பகுதியில் ஃபோர்ட்ரான், கோபோல் என்று இரண்டு கம்ப்யூட்டர் மொழிகளில் ஒன்றை எடுத்து எழுத வேண்டும். எதை எடுக்கிறோம் என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த புத்தகக்கடைக்காரரிடம் சொல்லிவைத்தோம். அவர் சென்னைக்கு எழுதிப்போட்டு, ஒவ்வொரு மொழிக்கும் ஒன்றாக இரண்டு கைடுகளை வரவழைத்தார். இரண்டையும் வாங்க எங்களுக்கு வழியில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பச் சம்மதித்திருந்தார். ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் நின்றுகொண்டே படித்தோம். ஃபோர்ட்ரான் கைடு தடியாக இருந்தது. பிரித்தால் சமன்பாடுகள், வர்க்கமூலங்கள், சைன், காஸ். எனக்கு வாயில் எச்சில் ஊறிற்று. கோபோல் கைடு ஒல்லி. அதில் கணக்கே இல்லை என்று நான் நினைத்தேன். இதைக் கூட்டு, அதைப் பெருக்கு, இதை அங்கே எழுது என்று இங்கிலீஷ் வாக்கியங்களாகவே இருந்தது.

அத்தான் அந்த ஒல்லிப் புத்தகத்தைத்தான் கையில் வைத்திருந்தார். நடுப்பக்கத்தில் ஒரு மாதிரிப் புரோகிராம் இருந்தது. அதன் மேல் விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தவர், சட்டென்று என் தோளைப் பிடித்தார்.

"மாப்ள, இது நம்ம கூலிப் பட்டியலுப்பா! வந்த நாளு, கூடுதல் நேரம், பிடித்தம்... அப்பிடியே இருக்கு பாரு. இம்புட்டுத்தானா கம்ப்யூட்டரு? இத நான் பத்து வருசமாப் போடுறேனே!"

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. கூலிப் பட்டியல் போடவா பி.எஸ்சி. படித்தேன் என்று எரிச்சலாக வந்தது. "அது குமாஸ்தா மொழி அத்தான். மெஷின் வரைக்கும் போயும் பேரேடுதானா? ஃபோர்ட்ரான் படிச்சாத்தான் மதிப்பு" என்றேன். குமாஸ்தா என்ற சொல்லை நான் சொன்ன விதத்தில் அவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

நான்கு நாள் இப்படியே இழுத்தது. அவர் வாக்குவாதம் செய்ய மாட்டார், விட்டுக்கொடுக்கவும் இல்லை. "உனக்கு எதுன்னாலும் வரும் மாப்ள, எனக்கு அதுதான வரும்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும்? அப்போதே நான் சரி என்றிருக்க வேண்டும். கடைசியில் அக்கா அடுப்படியிலிருந்து வந்து, "ரெண்டு பேரும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? செவ்வாக்கெழம அந்தோனியாருகிட்டச் சீட்டுப் போட்டுருவோம்" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் எது முடிவாக வேண்டுமென்றாலும் அப்படித்தான். மூத்தவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, கன்றுக்குட்டியை விற்பதா வைத்துக்கொள்வதா, அக்காவுக்கு அத்தானா இல்லை பழனிப் பக்கத்து மாப்பிள்ளையா என்பது உட்பட, எல்லாம் புனித அந்தோனியார் படத்துக்கு முன்னால் சீட்டுப் போட்டு முடிவானதுதான். செவ்வாய்க்கிழமை அவருக்குரிய நாள். இரண்டு சீட்டு எழுதி மடித்து, படத்தின் காலடியில் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொல்லி, ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரித்துப் படிக்கலாம். எடுக்காததைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் அந்தோனியாரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அதை மடித்தபடியே மெழுகுவர்த்தியில் காட்டி எரித்துவிடுவார்கள்.

சீட்டு எழுதுவது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அக்கா எப்போதும் என்னிடம்தான் கொடுப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அத்தான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, இரண்டு சீட்டிலும் ஃபோர்ட்ரான் என்று எழுதினேன்.

கொஞ்சமும் தயங்கவில்லை. இதைச் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. எந்த மொழியை எடுத்தாலும் அத்தான் தேறப் போவதில்லை, தேறக்கூடிய ஒருவனுக்காவது நல்ல கைடு கிடைக்கட்டும் என்று மனசுக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். என்ன நியாயம் அது! அவர் சோற்றைத் தின்றுகொண்டு.

அத்தானே சீட்டை எடுத்தார். கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ வேண்டிக்கொண்டு எடுத்துப் பிரித்தார். படித்துவிட்டு அதை என்னிடம் நீட்டினார். பிறகு மற்ற சீட்டை நுனி விரலால் எடுத்து, மெழுகுவர்த்தியில் காட்டி, சாம்பல் கீழே விழாமல் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டார். "சரி மாப்ள. அவரு சொல்லிட்டாரு, இனிமே என்ன?" என்றார். விண்ணப்பத்தில் இரண்டு பேரும் ஃபோர்ட்ரான் என்று குறித்தோம். மறுநாள் போய்த் தடிப் புத்தகத்தை வாங்கி வந்தோம். அந்த மாதம் பாவசங்கீர்த்தனத்தில், பூசைக்குப் போகாமல் சினிமாவுக்குப் போன பாவத்தைச் சாமியாரிடம் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

காலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்பும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகும் படித்தோம். ஃபோர்ட்ரான் எழுதக் கட்டம் போட்ட தாள் வேண்டும். எந்தக் கட்டத்தில் எது வரலாம், எது வரக்கூடாது என்று கெடுபிடி உண்டு. அத்தான் ஷாப்பிலிருந்து பழைய பட்டியல் தாள்களைக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் அடிக்குச்சி வைத்துக் கோடு போட்டுத் தருவார். அச்சடித்த தாள் மாதிரி இருக்கும். கோடு போடுவதோடு அவருக்கு அதில் தெரிந்தது முடிந்தது.

"ஏன் மாப்ள, இங்கிலீஷுல ஐ-யிலேருந்து என்-வரைக்கும் உள்ள எழுத்துல பேரு ஆரம்பிச்சா மட்டும் முழு எண்ணு?"

"அப்படித்தான் அத்தான்."

"சரி. இந்த எக்ஸுங்கிறது யாரு?"

"யாருமில்ல. எதுவா வேணும்னாலும் இருக்கலாம்."

அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூலிப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆள் உண்டு. காயப்போடுகிறவருக்குக் கால் ஒடிந்த வாரம் எது என்பதுகூட அவருக்கு நினைவிருக்கும். எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிற ஒன்றை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? நான் இரண்டு முறை சொல்லிக்கொடுப்பேன், மூன்றாம் முறை கத்திவிடுவேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் அக்கா கையை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்ப்பாள். அத்தான் மட்டும் கோபித்துக்கொண்டதே இல்லை. "அவரு குடுத்த புஸ்தகம், ஏறாமயா போகும்?" என்று மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போவார்.

ஏறவில்லை என்றதும் மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் ஒன்று கைடில் முக்கியமானது என்று நட்சத்திரம் போட்டிருந்தது. அதைக் கால்புள்ளி, அடைப்புக்குறி தவறாமல் உருப்போட்டார். குளிக்கும்போது சொல்வார், சைக்கிள் மிதிக்கும்போது சொல்வார். சின்னவள்கூட அதில் இரண்டு வரியை மழலையில் சொல்லப் பழகிவிட்டாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

பரீட்சை மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. கம்ப்யூட்டர் பரீட்சை என்றாலும் அங்கேயும் கம்ப்யூட்டர் இல்லை. பெஞ்சு, மைக்கூடு, வினாத்தாள்தான். முப்பது பேர் போல இருந்தோம். அத்தான் எனக்கு முன்னால் நான்காவது பெஞ்சு. வெள்ளைச் சட்டையில் முதுகு நேராக உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பகுதி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவர் நிறுத்தாமல் எழுத ஆரம்பித்தார். வினாத்தாளில் இருபடிச் சமன்பாடு கிடையாது. எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டது எதுவானால் என்ன, தெரிந்ததை எழுதிக்கொண்டிருக்கிறார். எழுந்து போய்ப் பேனாவைப் பிடுங்கலாமா என்றிருந்தது.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். அத்தான் வினாத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். எப்படி எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் என்னைக் கேட்கவில்லை. கொடைரோட்டில் வண்டி நின்றது. மலையிலிருந்து இறங்கிய பழக்கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வினாத்தாளை எடுத்துப் பிரித்து, பின்பக்கத்தை என்னிடம் காட்டினார். அது கோபோல் எடுத்தவர்களுக்கான பக்கம். முதல் கேள்வியே ஒரு தொழிற்சாலையின் வாரக்கூலிப் பட்டியல்.

"இந்தப் பக்கத்துல நம்ம பட்டியலு இருக்கு மாப்ள" என்றார். புகாராகச் சொல்லவில்லை. தெரிந்தவர் ஒருவரைக் கூட்டத்தில் பார்த்தேன் என்பது மாதிரி சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

நான் தேறினேன். அவர் தேறவில்லை. பரீட்சை முடிவு எழுதிய இரண்டு கார்டுகளும் ஒரே தபாலில் வந்தன. அத்தான் தன்னுடையதை ஒருமுறை படித்துவிட்டு, என்னுடையதைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். "அந்தோனியாரு நல்ல புஸ்தகந்தான் குடுத்தாரு. எனக்குத்தான் மண்டையில ஏறல" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். மில்லில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாளே மேனேஜர் என் முன்னால் வைத்தது தொழிலாளர்களின் கூலிப் பட்டியல். கோபோலில்தான் எழுத வேண்டுமாம். அங்கே மெஷினிடம் சைன், காஸ் கேட்க ஆள் இல்லை. ஒல்லிக் கைடில் இருந்ததையெல்லாம் நான் அங்கே உட்கார்ந்து மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன். அவ்வளவு சுலபம். மூன்று வாரம். அத்தானுக்கு இரண்டு வாரம் போதியிருக்கும்.

அதற்குள் தோல் ஷாப்பை மூடிவிட்டார்கள். அத்தான் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் எடை போடப் போனார். விடியுமுன் பஸ் ஏறி, வெயில் தாழத் திரும்புவார். அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பம் போட இன்னும் ஐந்து நாள் இருந்தது. அவருடைய வயதுக்கு அதுதான் கடைசி. நான் முதல் சம்பளத்தில் அந்த ஒல்லிக் கைடை வாங்கிக்கொண்டு, விண்ணப்பத் தாளையும் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் வந்தேன்.

அத்தான் புத்தகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாரே தவிர வாங்கவில்லை.

"இது வேணாம் மாப்ள."

"கூலிப் பட்டியல்தான் அத்தான் மொத்தமும். எங்க மில்லுலயும் இதுதான். நீங்க கண்ண மூடிக்கிட்டு எழுதிருவீங்க."

"அது தெரியும். ஆனா அவரு வேணாம்னு சொன்ன புஸ்தகமுல்ல? அத எடுத்துப் படிச்சா நல்லதுக்கா ஆகும்?"

இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. கோபிப்பார், அலுத்துக்கொள்வார், இனி முடியாது என்பார் என்றெல்லாம் ரயிலில் யோசித்து அதற்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். என் பொய் எனக்கு முன்னால் போய் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் என்று தோன்றவில்லை. அப்புறம் சொல்லாமல் எப்படி?

"அத்தான், அவரு சொல்லல. நான்தான். ரெண்டு சீட்டுலயும் ஃபோர்ட்ரான்னே எழுதி வச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் சொன்னேன். எந்தப் பேனா, எந்தத் தாள், அவர் அப்போது முகம் கழுவிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இரண்டு பேரும் பிழைத்திருப்போம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக இல்லை.

"என்னய எப்பிடியாவது பரீட்ச எழுத வைக்கணும்னு இம்புட்டுத் தூரம் பேசுறியே மாப்ள" என்றார். "அதுக்காகச் செய்யாத பாவத்தச் செஞ்சேன்னு சொல்லலாமா? நீ அப்பிடிப்பட்ட ஆளா? எனக்குத் தெரியாதா உன்ன?"

"சத்தியமாத்தான் அத்தான்."

"சத்தியம் வேற பண்ணாத. வா, சாப்புடலாம்" என்று என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, குழந்தைகளைக் கூப்பிடத் தெருவுக்குப் போய்விட்டார்.

அடுப்படி வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் நம்பிவிட்டாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவள், நான் எப்படிப்பட்ட ஆள் என்பது அவளுக்குத் தெரியாதா? என் கையிலிருந்த புத்தகத்தையும் விண்ணப்பத்தையும் வெடுக்கென்று வாங்கி என் பைக்குள் திணித்தாள்.

"அக்கா, நீயாவது அவருகிட்டச் சொல்லு. நீ சொன்னா நம்புவாரு. இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

"நான் சொன்னா நம்புவாரு. நம்பிட்டு?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வேல போயிருச்சு, பரீட்ச போயிருச்சு. அந்தோனியாரும் நீயும் தனக்கு இருக்கீங்கன்னுதான் அந்த மனுசன் விடியாம எந்திரிச்சுச் சந்தைக்கு எட போடப் போறாரு. அதையும் நான் புடுங்கணுமா? இனிமே இத இந்த வீட்டுல பேசாத."

அத்தான் குழந்தைகளோடு உள்ளே வந்தார். அக்கா எல்லாருக்கும் இலை போட்டாள். எனக்கும் போட்டாள், கறிக்குழம்பு இரண்டாம் முறையும் ஊற்றினாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு விண்ணப்பத் தேதி முடிந்தது.